டிரைவரை முதலில் உட்கார வைக்கவும்

வெள்ளிக்கானலில் பஸ் ஓடாமல் போய் ஏழு மாதமாகியிருந்த ஒரு புதன்கிழமை காலையில், இருதயமேரி தன் வீட்டுப் பெரிய அறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அன்றுதான் கட்டி முடித்த இரண்டு ஜாண் நீளப் பொம்மை பஸ்ஸைத் தரையில் வைத்து, ரிமோட்டின் குச்சியைக் கட்டைவிரலால் மெல்ல முன்னே தள்ளினாள்; பொம்மை பஸ் முனகிக்கொண்டு ஒரு முழம் போனது; அதே நேரத்தில் சர்ச்சுக்கு எதிரே, டயரில் காற்றில்லாமல், என்ஜினுக்குள் எலி குட்டி போட்டு, ஜன்னல் கம்பியில் பூசணிக்கொடி ஏறிக் காய்த்தும் போயிருந்த நிஜ பஸ்ஸும் முனகிக்கொண்டு இருபதடி போனது. ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. பஸ் நகர்கிறதென்றால் வெள்ளிக்கானல்காரர்கள் முதலில் செய்கிற காரியம் ஓடிப்போய் இடம் பிடிப்பது, அன்றைக்கும் அதைத்தான் செய்தார்கள், பூசணிக்காயைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இருதயமேரி வத்தலக்குண்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரின் மகள். சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டு மலையேறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை, ஆனால் வீடு நிறைய வண்டி உண்டு: கிரேன், ஜேசிபி, தீயணைப்பு வண்டி, பத்துச் சக்கர லாரி. எல்லாம் குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று அழுத்திப் பொருத்திக் கட்டுகிறவை, உள்ளே மோட்டார் வைத்து ரிமோட்டில் ஓட்டுகிறவை. கம்பெனிக்காரர்கள் பெட்டியை அனுப்புவார்கள். மேரி கட்டுவாள், ஓட்டுவாள், நல்லதையும் கெட்டதையும் போன் கேமரா முன்னால் சொல்லுவாள், பிறகு பழையபடி துண்டு துண்டாகப் பிரித்து, எண் பார்த்துப் பையில் போட்டு, திருப்பி அனுப்பிவிடுவாள். பிடித்துப்போனதை மட்டும் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். முகதாட்சண்யம் என்பது அவளுக்குக் கிடையாது. "இந்த மோட்டாரு சத்தத்துக்கு மிக்ஸி தேவலை" என்பாள். "போன்ல ஆப் எறக்கி ஓட்டுற ரிமோட்டு சுத்த வேஸ்டுங்க, கண்ணாடில வெரல் வழுக்குது, வண்டியப் பாக்குறதா போனப் பாக்குறதா? குச்சி வச்ச ரிமோட்டுதான் ரிமோட்டு, எவ்வளவு தள்ளுனோம்னு கட்டவெரலுக்கே தெரியும்" என்பாள். அவள் வாயிலிருந்து ஒரு 'பரவாயில்லை' வாங்குவது லேசில்லை, வாங்கிவிட்டால் அந்தப் பெட்டி விற்றுத் தீரும் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூட வருகிற புத்தகத்தில் டிரைவர் பொம்மையைக் கடைசியில், கூரை மாட்டுவதற்கு முன்னால் வைக்கச் சொல்லிப் படம் போட்டிருக்கும். மேரி கேட்கமாட்டாள். இரண்டாம் பக்கத்தில் அடிச்சட்டத்தின்மேல் சீட்டு வந்ததுமே டிரைவரை எடுத்து அழுத்தி வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சொல்லுவாள்: "முதல்ல டிரைவரை உட்கார வைங்க. டிரைவர் இல்லாத வண்டிய நான் கட்டமாட்டேன்." டிரைவர் பெண்டாட்டி பேசுகிற பேச்சு அது. அவள் வீடியோ பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம்.

சவரிமுத்து அந்த மினி பஸ்ஸின் டிரைவர். மழையில் ரோடு சரிந்து, அதைச் சரிசெய்தும் முதலாளி கைகழுவி, பஸ் சர்ச்சுக்கு எதிரே படுத்துவிட்ட பிறகும், மனுஷன் தினமும் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்கு வருவார். மேரி ஒன்றும் கேட்டதில்லை. அந்தப் புதன்கிழமையும் அவர் அங்கேதான் இருந்தார், கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி.

மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. மேரி போய்ப் பார்த்தபோது பஸ்ஸைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். ஊர்க் கமிட்டித் தலைவர் மதலைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் சம்சாரம் தெரசாளுக்குச் சிறுநீரகம் கெட்டு, செவ்வாயும் வெள்ளியும் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஏழு மாதமாக அவளை வாடகை ஜீப்பிலும், அது கிடைக்காத நாளில் கட்டிலோடு தோளிலும் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, மாதா கண்ணத் தொறந்துட்டா" என்றார் மதலைமுத்து.

"அண்ணே, இவரு ஏன் எறங்காம இருக்காரு?"

"கால் மரத்துப் போச்சு புள்ள" என்றார் சவரிமுத்து உள்ளேயிருந்து. "எந்திரிக்க வரல."

நாலு பேர் ஏறி அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சவரிமுத்து போட்ட சத்தத்தில் சர்ச் கோபுரத்துப் புறா பறந்தது. இடுப்புக்கு மேலே வருகிறது, இடுப்புக்குக் கீழே வரமாட்டேனென்கிறது, இன்னும் கொஞ்சம் இழுத்தால் பிய்ந்துவிடும் என்று தூக்கினவர்களே பயந்து விட்டுவிட்டார்கள். மேரிக்கு டிரைவர் பொம்மையின் ஞாபகம் வந்தது. அவள் வீட்டுக்கு ஓடிவந்து பொம்மை பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். மஞ்சள் முகமும் காக்கிச்சட்டையுமாக டிரைவர் பொம்மை உட்கார்ந்திருந்தது, தொடைக்கு மேலே குறுக்காக ஸ்டியரிங் தண்டும், முழங்காலை அடைத்து முன்பக்கத் தகடும், அதன்மேல் இன்னும் ஆயிரம் துண்டும். புத்தகத்தில் சொன்னபடி கடைசியில் வைத்திருந்தால் காலை எதுவும் அடைக்காமல் மேலாக இருந்திருக்கும், கூரையைத் திறந்து ஒரு தட்டில் எடுத்திருக்கலாம். இரண்டு விரலால் பொம்மையின் தோளைப் பிடித்து லேசாக, ரொம்ப லேசாக மேலே இழுத்தாள். சர்ச் பக்கத்திலிருந்து அவர் அலறியது கேட்டது.

இந்தப் பொம்மைகளைக் கையாண்டவர்களுக்குத் தெரியும்: மேலே பிடித்து இழுத்தால் உடம்பு கையோடு வரும், கால் குமிழில் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். போன வருஷம் தீயணைப்பு வண்டியைச் சோதித்தபோது அப்படித்தான் ஆனது, "பாருங்க, அண்ணன் காலை வச்சிட்டு வந்துட்டாரு" என்று கேமரா முன்னால் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது காதில் கேட்டது, அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொம்மை நகர்ந்தால் பஸ் நகரும் என்று தெரிந்துகொண்ட ஊரோ இரண்டே நாளில் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிக்கொண்டுவிட்டது. மேரி வீட்டுப் பெரிய அறையில் சாமான்களை எடுத்துவிட்டு, சர்ச்சிலிருந்து டவுன் வரைக்கும் பதினாலு கொண்டை ஊசி வளைவையும் சாக்பீஸால் தரையில் வரைந்தார்கள், எந்த வளைவில் பள்ளம், எந்த வளைவில் ஊற்றுத் தண்ணீர் என்று வயசானவர்கள் சொல்லச் சொல்லக் குறித்தார்கள். அறைக்குள் வருகிறவர்கள் ரோட்டை மிதிக்காமல் சுவரோரமாகப் போகவேண்டும் என்று சட்டம். தபால்காரர் ஏசுவடியான் பையோடு தினமும் கீழே போகிறவராதலால் அவரே கண்டக்டர். எதிரே லாரி வந்தால் பஸ்ஸிலிருந்து போன் போட்டு "அக்கா, ஒதுங்கு" என்பார், மேரி ரிமோட்டில் ஒதுக்குவாள். ரிமோட்டும் பொம்மையும் பேட்டரி தின்றன. வீட்டுக்கு வீடு டார்ச்சிலிருந்தும் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து மேரி வாசலில் ஒரு சருவச் சட்டியில் போட்டார்கள், ஒரே வாரத்தில் ஊரில் எல்லாக் கடிகாரமும் நின்றுபோயின, பஸ் போனால் ஒன்பது, பஸ் வந்தால் அஞ்சு என்று ஆனது. சாமியார் வந்து ரிமோட்டில் மந்திரித்த தண்ணீர் தெளிக்கப் போக, "ஃபாதர், நனஞ்சா போயிரும்" என்று மேரி தடுக்க, அவர் காற்றிலே சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

சவரிமுத்துவையும் விட்டுவிடவில்லை, அதையும் சொல்லவேண்டும். சீட்டுக்குப் பின்னால் தலையணை வைத்தார்கள். நாவிதர் பஸ்ஸுக்குள் ஏறி முகம் மழித்துவிட்டார். மீன்குழம்பு வைத்த வீட்டிலிருந்து முதல் கிண்ணம் டிரைவர் ஜன்னலுக்குத்தான் போனது. அவர் முதல் வாரம் சாப்பிட்டார், இரண்டாவது வாரம் பசிக்கவில்லை என்றார், பிறகு கிண்ணம் கொண்டுபோனவர்கள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து "அண்ணனுக்கு வேணாமாம்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். வேறு எந்த உபாதைக்கும் அவர் இறங்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டுவது மேரி என்பதால் ஸ்டியரிங் தானாகத் திரும்பும், அவர் கை அதன்மேல் சும்மா இருக்கும்.

மூன்றாவது வாரம் மேரி ஜன்னல்பக்கம் போய் அவர் கையைத் தொட்டாள். விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஸ்டியரிங்கைக் கவ்வுகிற ஒரே வளைவாக இருந்தன, பிரித்துப் பார்த்தாள், பிரியவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சவரிமுத்து சிரித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் மொத்தமாக ஒரு இருபது தடவை சிரித்திருப்பார், அதுவும் மீசைக்குள்ளே. இது மீசைக்கு வெளியே, இரண்டு கன்னத்துக்கும் ஒரே அளவாக, கோடு கிழித்த மாதிரி இருந்தது.

"என்னங்க, ஏன் சிரிக்கிறீங்க?"

"நான் சிரிக்கல புள்ள." உதடு அசையாமல் குரல் மட்டும் வந்தது. "பயமா இருக்கு. வளைவு ஒவ்வொண்ணும் வர்றப்ப என் காலு பிரேக்கைத் தேடுது. கால் இருக்குதான்னே தெரியல. என்னை எடுத்திரு மேரி."

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் "பாரேன், சவரியண்ணே இப்பத்தான் சந்தோசமா இருக்காரு" என்று பேசிக்கொண்டார்கள். மேரிக்கு அவர்கள் முடியைப் பிடித்து உலுக்கலாம்போல வந்தது.

அவள் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் காதுதான் முதலில் கண்டுபிடித்தது. இடது பக்கம் திருப்பும்போது பொம்மை பஸ்ஸின் வயிற்றுக்குள் 'டிக்' என்றது. பல்சக்கரம் ஒரு பல் நழுவுகிற சத்தம். சக்கரம் பாதி திரும்பி நின்றுவிடும், குச்சியை விட்டுவிட்டு மறுபடி தள்ளினால்தான் சரியாகும். முதல் வாரம் பத்துத் திருப்பத்துக்கு ஒன்று. பிறகு ஏழுக்கு ஒன்று. பிறகு நாலுக்கு ஒன்று. பிளாஸ்டிக் பல் தேயத் தேய அது கூடத்தான் செய்யும், எண்ணெய் போட்டு ஆகிற காரியமில்லை, மாற்றவேண்டுமென்றால் அடிவரைக்கும் பிரிக்கவேண்டும். பதினாலு வளைவில் ஒன்பதாவது வளைவு, இறங்கும்போது இடது கை வளைவு, வெளிப்பக்கம் தடுப்புச் சுவர் இல்லை, எட்டிப் பார்த்தால் கீழே மரத்தின் உச்சிதான் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை அங்கே 'டிக்' என்றது. மேரி குச்சியை விட்டாள், தள்ளினாள், மறுபடி டிக், மறுபடி விட்டாள். சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே பொம்மையின் முன்சக்கரம் ஒரு விரற்கடை போய் நின்றது. போனில் ஏசுவடியான் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது தடவை சக்கரம் திரும்பியது. சாயங்காலம் பஸ் வந்து எல்லாரும் இறங்கினார்கள், மறுநாளிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் இடது பக்கமாகவே உட்கார ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். இடது பக்கம் இடம் கிடைக்காதவர்கள் ஜெபமாலை எடுத்துக்கொண்டார்கள்.

மேரி அன்றைக்கே கேமராவை வைத்து உள்ளதை உள்ளபடி பேசினாள்: ரிமோட் அருமை, மோட்டார் சத்தம் குறைவு, ஸ்டியரிங் ஆபத்து, இந்த வண்டியை யாரும் வாங்காதீர்கள், நான் பிரித்துத் திருப்பி அனுப்பப் போகிறேன். பேசி முடிப்பதற்குள் மதலைமுத்து உள்ளே வந்துவிட்டார்.

"தங்கச்சி, அதப் போடாத."

"அண்ணே, பல்லு தேயுது. ஒரு நா இல்லாட்டி ஒரு நா அத்தன பேரும் போயிருவீங்க. அவரு மொதல்ல போயிருவாரு."

"தேயட்டும். இன்னும் ஆறு மாசம் ஓடாதா? நாலு மாசம்?" அவர் சாக்பீஸ் ரோட்டை மிதிக்காமல் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார். "தெரசாளப் பாத்தியா? கால் வீக்கம் வத்திருச்சு. ரெண்டு தோசை தின்னா நேத்து. பஸ்ஸப் பிரிச்சிட்டு அவள நான் எங்க கொண்டுபோய்ப் படுக்க வைக்க, சொல்லு."

மேரிக்குத் தெரசாளைப் பிடிக்கும். ஊருக்கு வந்த புதிதில் குளிருக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவள் அவள். "அவரு கை ஒட்டிப்போச்சுண்ணே" என்றாள்.

"சவரி நல்லாத்தான் இருக்கான். சிரிச்சிட்டுத்தான் இருக்கான். டிரைவருக்கு சீட்டு தானே வீடு?"

அன்றிலிருந்து அறையில் எப்போதும் யாராவது இருந்தார்கள். காவல் என்று சொல்லவில்லை. பூண்டு உரிக்கிறேன் பேர்வழி என்று வந்து உட்கார்ந்தார்கள், பேன் பார்க்கிறேன் என்று வந்து உட்கார்ந்தார்கள். மேரி குளிக்கப் போனால் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போகாமல் இருக்க முடியாது இல்லையா. திருப்பலி மணி அடித்ததும் பூண்டு உரித்தவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். மேரி கதவைத் தாழிட்டாள். பொம்மை பஸ்ஸைக் கட்டில்மேல் வைத்தாள், புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தாள். இழுக்கக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது, கட்டிய வரிசைக்கு நேர்த்தலைகீழாக, பக்கம் எண்பத்தெட்டு, எண்பத்தேழு, எண்பத்தாறு என்று ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக்கொண்டே போய், அவர் காலுக்கு மேலே இருக்கிறதெல்லாம் போன பிறகு, அவரைத் தூக்காமல், அவருக்குக் கீழே இருக்கிற சீட்டைக் கழற்றவேண்டும். கூரையை எடுத்தாள். வெளியே சர்ச் மைதானத்தில் கூரை இறங்கித் தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது, இடிந்து விழுகிற சத்தமில்லை, பெரிய தாம்பாளத்தைப் பதனமாகக் கீழே வைக்கிற சத்தம். ஜன்னல்கள் வரிசையாக இறங்கின. பயணிகள் சீட்டு ஒவ்வொன்றாக இறங்கியது. சர்ச்சுக்குள் பாட்டு நின்றுவிட்டது, ஜனம் வெளியே ஓடிவருகிறது, யாரோ "மேரீ!" என்று கத்துகிறார்கள், கதவை இடிக்கிறார்கள். அவள் நிமிரவில்லை. ஸ்டியரிங் தண்டு, பக்கம் ஏழு. முன்பக்கத் தகடு, பக்கம் நாலு. பொம்மையின் விரல் வளைவிலிருந்து ஸ்டியரிங்கைக் கழற்றும்போது அவள் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள். பக்கம் இரண்டு. நகத்தைச் சீட்டுக்கு அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பக்கமாக நெம்பினாள். சீட்டு ஒரு பக்கம் விழுந்தது, பொம்மை முழுசாக உள்ளங்கையில் நின்றது, இரண்டு காலோடு.

கதவை இடித்த சத்தம் நின்றது. மேரி தாழை நீக்கினாள். சவரிமுத்து காக்கிச்சட்டையில் வாசலில் நின்றார், கூட்டம் வழிவிட்டிருந்தது. உள்ளே வந்து கட்டிலில் விழுந்து, முகத்தில் அந்தச் சிரிப்பு போய், வாய் கோணி, குழந்தை மாதிரி கேவினார். "பசிக்குது புள்ள" என்றார். மேரி பழைய சோறு கரைத்துக் கொடுத்தாள், அவர் விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்து சோற்றை அள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊர் ஒன்றும் சண்டைக்கு வரவில்லை. பஸ்ஸின் பாகங்கள் மைதானத்தில் வரிசை வரிசையாகக் கிடந்தன, ஜனங்கள் துக்கவீட்டில் போல அதைச் சுற்றி நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தெரசாள் மட்டும் யாரையோ பிடித்துக்கொண்டு மேரி வீட்டுக்கு வந்தாள். "நீ செஞ்சதுதான் சரி மேரி" என்று சொல்லி, சவரிமுத்துவின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். அது மேரிக்கு அடி வாங்கியதைவிட வலித்தது.

திங்கட்கிழமை காலையில் மேரி ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு துண்டையும் எண் பார்த்துப் பையில் போட்டாள். மோட்டார், ரிமோட், புத்தகம். பிரிக்காமலே கிடந்த சின்னப் பையில் இன்னொரு பொம்மையும் இருந்தது, நீளப் பின்னல் போட்ட பெண் பயணி. அதையும் பெட்டியில் போட்டாள். டிரைவர் பொம்மையை மட்டும் கைக்குட்டையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, சீட்டில் 'டிரைவர் ஒன்று குறைகிறது, என்னிடம் உள்ளது' என்று நேர்மையாக எழுதினாள். பெட்டி ஊரைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. ஏசுவடியான் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நடந்துதானே பாவம் இறங்கவேண்டும் என்று மேரி நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்து, வெயில் ஏறி, சவரிமுத்து இன்னும் தூங்கிக்கொண்டிருந்தபோது, மேரி வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். சர்ச்சுப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. முதலில் யாரோ வாசகம் படிக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. "பக்கம் ஒண்ணு. நீளத் தட்டு ரெண்டு எடுத்துக்கோங்க. அவசரமில்ல, மெதுவா." பஸ் கட்டுகிற அவளுடைய வீடியோதான். ஏசுவடியான் பெட்டியைக் கீழே கொண்டுபோகவே இல்லை. சர்ச்சை ஒட்டிய பங்கு மன்றத்தில் திரை கட்டிப் போட்டு, ஊரே சுற்றி உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லக் கட்டிக்கொண்டிருந்தது. தெளிவாகச் சொல்லுகிறவள் என்று பேர் வாங்கினவள் அல்லவா. பொம்மை கட்டத் தெரியாத கிழங்கட்டைகூடப் புரிந்துகொள்ளும்.

மேரி ஈரத்தலையோடு ஓடினாள். மைதானத்தில் நிஜ பஸ்ஸின் அடிச்சட்டம் தானாக நீண்டு, மன்றத்து வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது, அதன்மேல் டிரைவர் சீட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தது. கதவு வழியாக மதலைமுத்து தெரிந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குமிழ்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் பின்னல் போட்ட பொம்மை.

"அண்ணே, வேணாம்!"

"தங்கச்சியா? பயப்படாத, சவரி பொம்ம உங்கிட்டதானே இருக்கு" என்றார் அவர் உள்ளேயிருந்து, வெள்ளை மனசாக. "இது சும்மா பயணி பொம்ம. இதால யாருக்கும் ஒண்ணுமில்ல."

அவரைத் தடுக்கவேண்டுமென்றால் சட்டத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். மேரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் சிரித்த முகமாகச் சொன்னது: "முதல்ல டிரைவரை உட்கார வைங்க. டிரைவர் இல்லாத வண்டிய நான் கட்டமாட்டேன்." மன்றத்துக்குள் எல்லாரும் கூடவே சேர்ந்து சொன்னார்கள், ஜெபம் மாதிரி. மேரியின் முழங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் மடங்கின. அவள் விழவில்லை. உட்கார்ந்தபோது கீழே சீட்டு இருந்தது.

அவள் கத்தியதைக் கேட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். மதலைமுத்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார், பொய்யழுகை இல்லை, காலில் விழுந்தார். "ஐயோ, தெரியாமப் பண்ணிட்டேனே தங்கச்சி." அவருக்குப் பின்னால் நாற்காலியில் தெரசாள் இருந்தாள், முகம் உப்பி, கண் திறக்க முடியாமல், ஒரு வார்த்தை பேச முடியாமல். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மதலைமுத்து அவளைப் பார்த்தார், மேரியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு நா மட்டும்" என்றார். "கால்ல விழுறேன். நாளைக்குப் பிரிச்சிரலாம்."

மேரியைச் சுற்றிப் பஸ் வளர்ந்தது. பக்கம் நாலு, முன்பக்கத் தகடு. பக்கம் ஏழு, ஸ்டியரிங் தண்டு தொடைக்குக் குறுக்கே வந்தது. அவள் குரலே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது, எந்தத் துண்டு எங்கே, எவ்வளவு அழுத்தவேண்டும். கூரை மூடியதும் ஜனங்கள் ஏறினார்கள். இடது பக்கமாக உட்கார்ந்தார்கள். தெரசாளைத் தூக்கிவந்து பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். பின்னல் ஒன்று ஈரமாக மேரியின் முதுகில் தொங்கியது, அவள் தலைமுடியைப் பின்னியிருக்கவே இல்லை.

ரிமோட்டை யார் பிடிப்பார்கள் என்று அவள் யோசித்தாள். மதலைமுத்துவுக்கு ரேடியோவே திருகத் தெரியாது. பஸ் முனகிக்கொண்டு கிளம்பி, சர்ச்சைச் சுற்றி, முதல் வளைவுக்கு வந்தது. வந்து, வளைவுக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றது. நின்று, வெளிப்பக்கமாக ஒதுங்கி, பிறகு மெள்ளத் திரும்பியது. அப்படி ஒரு மூச்சு நின்று திரும்புகிற டிரைவர் இந்த மலையில் ஒரே ஒருத்தர்தான். எழுப்பிவிட்டார்கள் அவரை. நீ பிடிக்கவில்லையென்றால் வேறு யாராவது பிடிப்பார்கள் என்று சொல்லியிருப்பார்கள். சாக்பீஸ் ரோட்டின் ஓரமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து, பிரிந்த விரல்களால் குச்சியைப் பிடித்துக்கொண்டு, அவர் அவளை இறக்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது. வாய் இரண்டு கன்னத்துக்கும் ஒரே அளவாக விரிந்தது. "மேரியக்கா சிரிக்கிறாங்க பாரு" என்று பின்னாலிருந்து யாரோ நிம்மதியாகச் சொன்னார்கள். நாலாவது வளைவு, ஐந்தாவது வளைவு, ஊற்றுத் தண்ணீர், ஏழு, எட்டு. காலுக்குக் கீழே எங்கேயோ பல்சக்கரம் சுற்றுவது அவளுக்குக் கேட்டது, அவளுக்கு மட்டும். பஸ் ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றது. பிறகு இடது பக்கம் திரும்பத் தொடங்கியது, அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.